கோட்டைக்கு மேலே இரண்டு பேர்

டொரொன்டோவின் ரூஜ் பகுதியில் தங்கை வீடு வாங்கிக் குடிபுகுந்தபோது சுவரில் முதலில் ஏறியது பிள்ளையார் படம். இரண்டாவதாக ஏறியது இங்கிலாந்தில் உள்ள ஓர் இடிந்த கோட்டையின் படம். பிள்ளையாரைவிட அது பெரிது. அதில் தங்கை நீலச் சீலை உடுத்தி, காற்றில் பறக்கும் தலைப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பின்னால் கூரையில்லாத கற்சுவர். சுவரின் மூலையில் ஒரு பக்கம் உடைந்த கோபுரம்.

வருகிறவர்களில் பாதிப்பேர் அதை யாழ்ப்பாணக் கோட்டை என்பார்கள். தங்கையின் கணவர் விடமாட்டார். யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயர் தொடங்கி ஒல்லாந்தர் முடித்தது, இது அதற்கும் பல நூறு வருடம் முந்தியது என்று விளக்குவார். யாராவது போகிற போக்கில் ஆயிரம் வருடமிருக்கும் என்று சொன்னால், இல்லை, எண்ணூறு என்று திருத்துவார். பிழையான கதை ஒன்று காதில் விழுந்தால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. தங்கையின் பிறந்தநாளைப் பற்றிக்கூட அவளையே திருத்தியிருக்கிறார்.

அந்தப் படம் எடுத்த நாள் உண்மையில் என்னுடைய நாள். அன்றைக்கு அவர் பார்க்க வந்தது என்னை.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாமென்று போனால் பழி பெண்ணின் தலையில் விழும். அதனால் அவளுக்குத் தெரியாமல் எங்காவது வைத்துக் காட்டிவிடுவார்கள். தற்செயலாகச் சந்தித்ததுபோல் இருக்கவேண்டும். எனக்கு இருபத்தொன்பது வயதாவதற்குள் நான் இப்படி நான்கு தரம் "தெரியாமல்" பார்க்கப்பட்டிருந்தேன். இரண்டு தரம் கோயிலில், ஒரு தரம் கலியாண மண்டபத்தில். நான்காவது தரம் நான் வேலைசெய்த மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே. ஸ்காபரோவில் ஒரு மோலுக்குள் இருந்த கடை அது. ஒரு தாயும் மகனும் வந்தார்கள். தாய் பதினொரு பிரேம் போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் தன்னைப் பார்த்ததைவிட என்னைப் பார்த்ததுதான் அதிகம். ஒன்றும் வாங்காமல் போனார். மூன்றாம் நாள், பெண் நிறம் காணாது என்று பதில் வந்தது. அந்தப் பதினொரு பிரேமையும் துடைத்துத் திரும்ப அடுக்கியவள் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில், எங்களுக்குக் கனேடியப் பாஸ்போர்ட் கிடைத்த அடுத்த கோடையில், நானும் தங்கையும் லண்டனுக்குப் போனோம். சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம். முழங்கால் வருத்தத்தோடு அம்மா மோர்னிங்சைட் வீட்டிலேயே தங்கிவிட்டார். கலியாணம் முடிந்த நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லோரையும் ஒரு பழைய கோட்டை பார்க்கக் கூட்டிப்போவதாகச் சின்னம்மா அறிவித்தார். இருபது வருடம் இங்கிலாந்தில் இருந்தும் ஒரு கோட்டையையும் எட்டிப் பார்க்காத மனுசிக்குத் திடீரென்று சரித்திர ஆசை எப்படி வந்ததென்று நான் யோசித்தேன்.

அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சின்னம்மா வீட்டுத் தொலைபேசி மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மத்தியானம் மேலே படுத்திருந்தால் கேட்காதது ஒன்றுமில்லை. சின்னம்மா யாருக்கோ அடையாளம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நீலச் சீலை உடுத்தியிருப்பா. அவதான் மூத்தவ. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது, நீங்களும் காட்டிக்கொள்ளாதேங்கோ."

இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் சித்தப்பா. அவர் சாமான் வான் ஓட்டிக்கொண்டு இங்கிலாந்து முழுக்கத் திரிகிறவர். கோயிலில் காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும்; இந்தக் கோட்டையில் கார் நிறுத்த இடமுண்டு, கழிப்பறை உண்டு, ஒரு தமிழனும் வரமாட்டான் என்பது அவருடைய கணக்கு. சாதகம் ஏற்கெனவே பொருந்திவிட்டதென்றும், மாப்பிள்ளை எக்கவுண்டிங் படித்துக்கொண்டே ஒரு பெற்றோல் நிலையத்தில் வேலை செய்கிறார் என்றும் அந்தக் கதையிலிருந்து தெரிந்துகொண்டேன்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஐந்தாவது தரம். அதுவும் விமானம் ஏறி வந்து.

ஞாயிறு காலை சின்னம்மா நீலச் சீலையைக் கட்டிலில் விரித்து வைத்துவிட்டு, அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கவேண்டும், இதை உடு என்றார். தங்கைக்குத் தலையிடியாக இருக்கும், அவள் வீட்டில் நிற்கட்டும் என்றும் சொன்னார். மூத்தவளைக் காட்டும்போது இளையவளை ஒளித்துவைப்பதும் எங்கள் வழக்கம்தான். தலையிடி தனக்கில்லையே என்று தங்கை விழித்தாள். அவள் வராவிட்டால் நானும் வரவில்லை என்றேன். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, சீலையோடு கோட்டைப் படி ஏற என்னால் முடியாது, நீ உடு என்று அவளிடம் கொடுத்தேன். இருபத்துநான்கு வயது, நல்ல சீலை, கோட்டைக்கு முன்னால் படம். வேண்டாமென்று சொல்வாளா? நான் ஜீன்ஸ் போட்டுக்கொண்டேன்.

நாங்கள் இறங்கி வந்தபோது சின்னம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டும். மாற்று என்று சொன்னால் ஏன் என்று நான் கேட்பேன். ஏன் என்று சொன்னால் இரகசியம் போய்விடும். அந்தப் பக்கத்தவர்களோ வேறு ஊரிலிருந்து ஏற்கெனவே புறப்பட்டிருப்பார்கள். கைத்தொலைபேசி இல்லாத காலம். மனுசி திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல வாயைத் திறக்க முடியாமல் சித்தப்பாவின் வானுக்குள் ஏறி உட்கார்ந்தார். நான் யன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன். அவ்வளவு கெட்டித்தனமாக ஒரு காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

கோட்டை ஒரு புல்வெளி மேட்டில் தனியே நின்றது. சுற்றிச் செம்மறிகள். உள்ளே மண்டபம் இருந்த இடத்தில் புல், அடுப்பு இருந்த இடத்தில் கரிபிடித்த கல், மாடி இருந்த இடத்தில் ஆகாயம். என் மனதை அது பெரிதாக அசைக்கவில்லை. பத்து வெள்ளைக்காரர் நின்றார்கள். மற்றபடி நாங்கள் நாலுபேர், அந்தப் பக்கம் ஒரு தாயும் மகனும். முழுக் கோட்டைக்கும் தமிழர் ஆறுபேர்; அந்த ஆறுபேரில் மூன்றுபேர் மற்றவர்களைக் காணாததுபோல் நடித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பாவின் நடிப்பு படுமோசம். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார், வாங்கப் போகிறவர்போல.

பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று நான் கோபுரத்தின் சுழல்படியில் ஏறினேன். ஐம்பத்திரண்டு படி. மேலே ஒரு கற்தளமும் நெஞ்சளவு மதிலும் நல்ல காற்றும் இருந்தன. சிறிது நேரத்தில் படியில் காலடி கேட்டது. உயரமான ஒருவர் வந்துகொண்டிருந்தார். வாசல் நிலை மிகவும் பதிவு, குனிந்துதான் வரவேண்டும். "கவனம், தலை" என்று நான் தமிழில் சொல்வதற்கும் அவர் நெற்றி கல்லில் மோதுவதற்கும் சரியாக இருந்தது. மூக்குக்கண்ணாடி பறந்து என் காலடியில் விழுந்தது.

எடுத்துப் பார்த்தேன். கம்பிப் பிரேம். வில்லைகள் தப்பியிருந்தன, ஆனால் ஒரு கால் வெளியே மடங்கி, மூக்குத் தாங்கி திரும்பிக் கிடந்தது. இரண்டு கண்ணுக்கும் கடும் பவர். அவர் தடவிக்கொண்டு நின்றார். நான் இதுதான் என் தொழில் என்று சொல்லி, மதிலில் சாய்ந்துகொண்டு வேலையைத் தொடங்கினேன். கையில் திருத்துகிற ஆயுதமில்லை. விரலால் சிறிது சிறிதாகத்தான் நிமிர்த்தவேண்டும், அவசரப்பட்டால் முறியும்.

கண் தெரியாமல் நின்ற நேரத்தில் அவர் வாய் ஓயவில்லை. வாசலில் வாங்கிய சிறு புத்தகம் முழுவதும் பாடமாக்கியிருந்தார். கோபுரத்தின் உடைந்த பக்கம் தானாக விழவில்லை, ஒரு சண்டையில் தோற்ற பிறகு வென்றவர்களே வெடிவைத்து உடைத்தார்களாம். விழுந்த கற்கள் எங்கே என்று கேட்டேன். ஊர்ச்சனம் கொண்டுபோய் வீடும் பன்றிக்கூடும் கட்டிவிட்டது என்றார். மதிலுக்குள் ஒரு துவாரம் இருந்தது. பீரங்கி வைக்கிற இடமா என்று கேட்டேன். இல்லை, பிரபுவின் கக்கூஸ், நேரே அகழிக்குள் விழும் என்று அவர் சொன்னதற்கு இருவரும் சிரித்தோம். அகழிக்குள் நீந்தி வந்து சண்டை பிடித்தவர்களை நினைத்து மறுபடியும் சிரித்தோம்.

அதற்குப் பிறகுதான் அவர் தான் வந்த காரியத்தைச் சொன்னார். என்னைக் கூட வந்த தங்கை என்று நினைத்திருக்கவேண்டும். ஒரு பெண்ணைப் பார்க்க வந்ததாகவும், தாயின் நச்சரிப்புத் தாங்காமல் மேலே ஏறி வந்ததாகவும் சொன்னார்.

"இப்பிடி ஒளிச்சு நிண்டு பாக்கிறது எனக்கு வெக்கமாக் கிடக்கு. பிள்ளையிட்ட நேரை போய், உங்களைப் பாக்கத்தான் வந்தனான், உங்களுக்கு விருப்பமோ எண்டு கேக்கவேணும். அதுதானே முறை."

நான்கு மாப்பிள்ளைகளில் ஒருவருக்கும் தோன்றாத கதை அது. அத்தனை நாள் கோபமும் எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதில் சுற்றிவளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. கையில் அவருடைய கண்ணாடி, எதிரே கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கும் ஒரு நேர்மையான முகம். பிடித்துவிட்டது.

அப்போது அவர் கீழே கையைக் காட்டி, தனக்கு நீலம் மட்டும்தான் தெரிகிறது என்று சொல்லிவிட்டுக் கேட்டார்:

"நீலச் சீலை, அவதானே உங்கட அக்கா?"

"ஓம்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். கொஞ்சம் குறும்பு. கொஞ்சம் வீம்பும்; என்னை எத்தனைபேர் ஒளித்துப் பார்த்தார்கள், ஒருவனை நான் ஒருமுறை ஒளித்துப் பார்த்தால் என்ன என்ற வீம்பு. இன்னும் ஐந்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்தேன். அவர் முகம் எப்படி மாறும் என்றுகூட மனதுக்குள் பார்த்துவிட்டேன்.

மூக்குத் தாங்கியைச் சரிசெய்து, வில்லையை என் சட்டையில் துடைத்து, கண்ணாடியை நீட்டினேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு மதிலருகே வந்து கீழே குனிந்து பார்த்தார். கீழே சித்தப்பா கமராவோடு பின்னால் பின்னால் போய்க்கொண்டிருந்தார். தங்கை தலைப்பைப் பிடிக்கப் போராடி, முடியாமல், சிரித்துக்கொண்டு நின்றாள்.

புதுக்கண்ணாடி போட்டவர்களின் முகத்தை நாளுக்கு இருபது தரம் பார்க்கிறவள் நான். முதலில் புருவம் இறங்கும். பிறகு வாய் சிறிது திறக்கும். இவ்வளவும் இங்கேதான் இருந்ததா என்று கேட்பதுபோல ஒரு முகம் வரும். அவருக்கு அந்த முகம் வந்தது. சித்தப்பா படத்தை எடுத்தார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே நின்றார். நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இறங்கும்போது அவர் முன்னுக்கும் நான் பின்னுக்குமாக வந்தோம். ஐம்பத்திரண்டு படி இருந்தது. "நான்தான் மூத்தவள்" என்று சொல்ல இரண்டு படி போதும். நாலைந்து தரம் வாயைத் திறந்தேன். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நல்ல மனிதர், மன்னிப்புக் கேட்டிருப்பார், வளர்த்த முறைக்கு என்னையே கட்டியும் இருப்பார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு அப்படிக் கட்டப்பட எனக்கு மனமில்லை. வாசலுக்கு வந்ததும் அவர் ஒரு பக்கம் போக, நான் செம்மறிகளைப் பார்க்கப் போனேன்.

தூரத்திலிருந்து பார்த்தபோது நாடகத்தின் கடைசிக் காட்சி நடந்துகொண்டிருந்தது. அவருடைய தாய் வந்து "நீங்கள் தமிழோ?" என்று கேட்க, சின்னம்மா கடவுளே கண்முன் வந்ததுபோல ஆச்சரியப்பட்டார். ஆள் மாறிவிட்டதென்று காதோடு காதாகச் சொல்ல அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஆனால் பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றி றோல்ஸ் நீட்டிக்கொண்டு தங்கை பக்கத்திலேயே நின்றாள். சரி, பின்னேரம் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்.

நாங்கள் வீட்டுக்குள் கால்வைத்தபோது தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஆறு பெண்களை வேண்டாமென்ற மகன் முதல்தரம் சம்மதம் சொல்லிவிட்டானாம். தாய் அழுதுகொண்டு சொன்னாராம். சின்னம்மா மாடிப்படிக்குக் கீழே அப்படியே குந்திவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் லண்டனுக்கும் மோர்னிங்சைட்டுக்கும் இடையில் தொலைபேசி சூடாறவில்லை. பிழை அந்தப் பக்கத்துக்கும் சொல்லப்பட்டது. மூத்தவளை முறையாக இன்னொருமுறை பார்க்கிறாயா என்று தாய் கேட்டதற்கு, பார்த்த பிள்ளையைத்தான் பிடித்திருக்கிறது என்று மகன் சொல்லிவிட்டார். தங்கையின் சாதகத்தையும் பார்த்தார்கள். என்னுடையதைவிட நன்றாகப் பொருந்தியதாம். சாத்திரியாருக்கும் நிலைமையைச் சொல்லித்தான் கேட்டிருப்பார்கள். மூத்தவள் இருக்க இளையவளுக்கா என்று அம்மா ஒருநாள் அழுதார். வந்த நல்ல இடத்தை விடுவதா என்று மறுநாள் அழுதார்.

தங்கைக்கு அவரைப் பிடித்திருந்தது. தேத்தண்ணி வாங்கியபோது அவர் நிமிர்ந்து பார்த்து நன்றி சொன்னாராம், அது போதும் அவளுக்கு. ஆனால் நான் சரி சொல்லாமல் தான் சம்மதிக்கப்போவதில்லை என்று கட்டிலில் என் பக்கத்தில் வந்து இருந்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றுதான்.

"அக்கா, நீ அவரைப் பாத்தனியோ?"

"இல்லை. நான் மேல நிண்டனான். ஒருத்தரையும் பாக்கேல்லை."

"அப்ப உனக்கு நோகாதோ?"

"பாக்காத மனுசனுக்கு என்னத்துக்கு நோகும்? நீ செய்" என்றேன்.

அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். எனக்கு நொந்தது. மிகவும் நொந்தது. ஆனால் அவள் அந்தப் பதிலின்மேல்தான் தன் கலியாணத்தைக் கட்டினாள். அதை நான் பிறகு தொட முடியாது.

கலியாணம் இங்கே வைப்பதாக முடிவாகி, ஒன்றரை வருடம் கழித்து அவர் தங்கையின் ஸ்பொன்சரில் டொரொன்டோ வந்து இறங்கினார். விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் தள்ளுவண்டியை ஒரு கணம் நிறுத்தினார். "சுகமா, அக்கா?" என்று கேட்டார். அவருக்கு என்னைவிட மூன்று வயது கூட, ஆனாலும் தங்கையைப் போலவே அக்கா என்றுதான் கூப்பிட்டார், இன்றைக்கும் அப்படித்தான். சுகம் என்றேன். கோபுரத்தைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். கலியாணம், விசா, புது நாடு, வேலை என்று ஒரு மனிதனுக்கு மறக்க எவ்வளவோ இருந்தது. ஒன்று மட்டும் விளங்கவில்லை. குடும்பம் முழுவதும் கண்ணாடிக்கு என் கடைக்குத்தான் வரும். அவர் மட்டும் மில்லிக்கனில் வேறு கடைக்குப் போவார். அக்காவிடம் போனால் மலிவுதானே என்று தங்கை ஏசுவாள். அந்தப் பக்கம் வேலை இருந்தது என்பார்.

நான் அம்மாவோடு மோர்னிங்சைட்டிலேயே இருந்தேன். இன்னும் இரண்டு தரம் பார்க்கப்பட்டேன். அவற்றில் எழுத ஒன்றுமில்லை.

ரூஜ் வீட்டுக்கு அவர்கள் வந்த அடுத்த வருடம், மகளின் முதலாவது பிறந்தநாள். கேக் வெட்ட ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். கண்ணில் கற்றாக்ட் வெட்டி இரண்டு மாதமான ஒரு அன்ரி, கண் தெரிகிற சந்தோசத்தில் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் கிட்டப்போய்ப் பார்த்துக்கொண்டு வந்தார். கோட்டைப் படத்துக்கு முன்னால் நின்று, மூக்கு முட்டும்வரை குனிந்தார்.

"உந்தக் கோபுரத்துக்கு மேல ரெண்டுபேர் நிக்கினம்."

நான் பேப்பர்த் தட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அந்த இரண்டு புள்ளிகளை, படம் சுவரில் ஏறிய முதல்நாளே நான் கண்டிருந்தேன். மதிலுக்கு மேலே ஒன்று உயரம், ஒன்று கட்டை. படம் சின்னதாக இருந்தபோது யாருக்கும் தெரியாது, பெரிதாக்கியதில்தான் வந்த வினை. ஒரு வருடமாக இந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஆர் அது என்று தங்கை ஒருதரம் உற்றுப் பார்த்தால் போதும்.

தங்கை கேக்கில் மெழுகுதிரி குத்திக்கொண்டே திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "அது ஆரோ வெள்ளைக்காரச் சோடி, அன்ரி." பிறகு கணவரைக் கேட்டாள், "என்னப்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு நின்றார். போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் நீதி கேட்கிற மனிதர். ஆயிரத்தை எண்ணூறாக்காமல் விடாதவர். படத்தின் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கண்ணாடி இல்லாத கண்ணை, கோபுரத்தில் நின்றபோது சுருக்கியதுபோலவே சுருக்கி, என் பக்கம் பார்த்தார்.

"ஓம்" என்றார். "ஆரோ."

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகளைத் தூக்கினார். பிள்ளை அதைப் பிடித்து இழுத்ததில் ஒரு பக்கம் சரிந்தது. வேறு யாருடையதாக இருந்தாலும் தொழில் பழக்கத்தில் என் கை தானாகவே போயிருக்கும். நான் தட்டுகளை எண்ணி மேசையில் வைத்தேன்.